சிங்கப்பூரில் நடன அசைவு சிகிச்சைக்குப் போகிறீர்களா? காசையும் மாதங்களையும் வீணாக்காமல் போகும் வழி

அப்பா இறந்து ஆறு மாதத்தில் எனக்குத் தூக்கம் போனது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, காலை ரயிலில் நெஞ்சடைப்பு, அலுவலகத்தில் எதற்கெடுத்தாலும் எரிச்சல். குடும்ப சேவை நிலையத்தில் ஓர் ஆலோசகரை நான்கு முறை பார்த்தேன். நான்கு முறையும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பேச வராதவர்களுக்கு உடலசைவு வழியாகச் செய்யும் சிகிச்சை ஒன்று இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். அக்காவிடம் சொன்னபோது, "டான்ஸா? உனக்கா? சொந்தக் கல்யாணத்திலேயே மேடையிலிருந்து இறங்கி ஓடினவன்டா நீ" என்றாள்.

அந்தச் சிகிச்சைக்குச் சரியான ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. நடுவில் 480 வெள்ளியையும் தொலைத்தேன். வரிசை மாறிப் போனதுதான் காரணம். நீங்கள் அந்தத் தவற்றைச் செய்யாமலிருக்க, நான் எப்படிப் போயிருக்க வேண்டுமோ அந்த வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 1767 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மனநலக் கழகத்தின் 6389 2222 எண்ணிலும் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 995. நடன சிகிச்சை மெதுவாக நடக்கிற வேலை, அவசரத்துக்கு உதவாது.

1. முதலில் மருத்துவர்

நான் முதலில் செய்யாமல் விட்டது இதைத்தான். நெஞ்சடைப்பை மனக்கவலை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். பலதுறை மருந்தகத்துக்கு ஒருவழியாகப் போனபோது மருத்துவர் இசிஜி எடுத்தார், தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார், கடைசி இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளை நீட்டினார். இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததிலேயே பாதி பயம் போனது. குதித்து ஆடப்போகிற உடம்பை முன்னதாக ஒருவர் பார்த்துவிடுவதும் நல்லதுதானே.

ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் வழியாக நேரம் குறிக்கலாம். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தால் பலதுறை மருந்தகத்திலேயே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு அரசு மருத்துவமனையின் சிறப்பு மருந்தகத்துக்குப் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம். கடிதம் இல்லாமல் நேரே போனால் தனியார் நோயாளி கணக்கில் சேர்த்துவிடுவார்கள், பிறகு மானியப் பிரிவுக்கு மாறுவது பெரும்பாடு. சாஸ் என்ற சமூக சுகாதார உதவித் திட்டத்தின் அட்டை வைத்திருப்பவர்கள் சாஸ் மருந்தகத்தின் கடிதத்தோடும் மானியம் பெறலாம்.

மாத்திரை கொடுத்திருந்தால், நடன சிகிச்சை தொடங்குகிறேன் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மனநல மருந்துகளால் சட்டென்று எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். தரையில் உட்கார்ந்து எழும் பயிற்சிகள் இதில் நிறைய வருவதால் சிகிச்சையாளரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 1771 என்ற தேசிய எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். 16 முதல் 30 வயது வரையில் இருப்பவர்களுக்கு 'சாட்' என்ற இளையர் மனநலச் சேவை இலவசமாக மதிப்பீடு செய்து தருகிறது. வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஊழியர்களுக்கு மானியம் கிடைக்காது, அவர்கள் வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹெல்த்சர்வ் அமைப்பை அணுகலாம்.

2. சிகிச்சையா, வகுப்பா?

என் 480 வெள்ளி போனது இங்கேதான். "மனக்காயம் ஆற்றும் நடனம், எட்டு வாரம்" என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். சனிக்கிழமை மாலை, ஏசி அறை, மெழுகுவர்த்தி. மூன்றாவது வாரத்தில் கண்ணை மூடி ஆடச் சொன்னபோது எனக்கு மூச்சு முட்டி அழுகை வந்துவிட்டது. நடத்தியவர் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். "விடுங்க, வெளிய வரட்டும்" என்றார். வந்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மீதி ஐந்து வாரத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. வாரயிறுதிப் பயிற்சி ஒன்றை முடித்த நல்ல நடன ஆசிரியர், அவ்வளவுதான்.

பரதநாட்டியம் கற்றுத்தரும் நுண்கலைக் கழகமோ அப்சரஸ் ஆர்ட்ஸோ, சமூக மன்றத்து சும்பா வகுப்போ, ஞாயிற்றுக்கிழமை பூங்கா உடற்பயிற்சியோ, எல்லாமே மனதுக்கு நல்லதுதான். ஆடினால் தூக்கம் வரும், நாலு பேரைப் பார்ப்போம். உங்களுக்கு அது போதும் என்றால் அதற்கே போங்கள். செலவும் குறைவு, சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பல உடற்பயிற்சி நிகழ்ச்சிகள் இலவசம். அங்கே அடவு சரியா, எட்டு எண்ணிக்கை சரியா என்றுதான் பார்ப்பார்கள். சிகிச்சையில் அடவே கிடையாது. நீங்கள் எப்படி நடக்கிறீர்கள், எங்கே மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள், யாராவது பக்கத்தில் வந்தால் எந்தப் பக்கம் நகர்கிறீர்கள் என்பதை வைத்து வேலை நடக்கும். ஆடத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆடத் தெரிந்தவர்கள் அழகாகச் செய்துகாட்டிவிட்டு ஒளிந்துகொள்வார்களாம், என் சிகிச்சையாளர் சொன்னது.

பலன் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் மனச்சோர்வுக்கான நடன அசைவு சிகிச்சை ஆய்வுகளை அலசியது. கிடைத்தவை மூன்றே ஆய்வுகள், மொத்தம் 147 பேர். அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றது. ஆகவே "நிச்சயம் குணமாகும்" என்று யாராவது சொன்னால் வாசலிலிருந்தே திரும்பிவிடுங்கள். மருந்துக்கும் ஆலோசனைக்கும் பக்கத்துணையாக இதை வைத்துக்கொள்வதுதான் என் யோசனை.

3. தகுதியைச் சரிபார்த்தல்

இந்த ஒரு படிக்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். சிங்கப்பூரில் இயன்முறை சிகிச்சையாளர் (பிசியோதெரபிஸ்ட்), தொழில்வழி சிகிச்சையாளர், பேச்சு சிகிச்சையாளர் ஆகியோர் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். நடன சிகிச்சையாளர் அந்தச் சட்டத்தில் இல்லை. யார் வேண்டுமானாலும் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். எனவே வெளிநாட்டுச் சங்கங்களின் பதிவைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. முழுநேரப் பட்டப்படிப்பு முடித்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போய்ப் படித்தவர்கள். எண்ணிக்கையும் குறைவு. இங்கே லசால் கலைக்கல்லூரியில் முதுகலை இருக்கிறதே என்பீர்கள், அது ஓவிய சிகிச்சைக்கு.

அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கத்தில் இரண்டு நிலை உண்டு. ஆர்-டிஎம்டி என்பது முதுகலைப் படிப்பும் மேற்பார்வையோடு மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தவர்களுக்கு. பிசி-டிஎம்டி அதற்கு மேலே, வேலை அனுபவத்தோடு சேர்த்து. பிரிட்டனில் பதிவு தருவது ஏடிஎம்பி யுகே, ஆஸ்திரேலியாவில் டிடிஏஏ. பெயரைக் கேட்டுக்கொண்டு அந்தந்தச் சங்கத்தின் பட்டியலில் தேடுங்கள். இணையத்தில் இல்லாவிட்டால் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடலாம், எனக்கு இரண்டு நாளில் பதில் வந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒருவர் தம் பக்கத்தில் "பிரிட்டிஷ் அரசின் எச்சிபிசி பதிவு பெற்ற நடன சிகிச்சையாளர்" என்று போட்டிருந்தார். எச்சிபிசி என்பது பிரிட்டனில் சுகாதாரத் துறை வல்லுநர்களைப் பதிவு செய்யும் அமைப்பு. அதன் பதிவேட்டில் ஓவிய, இசை, நாடக சிகிச்சையாளர்கள் வருவார்கள். நடனம் தனியாக அதில் கிடையாது. அவர் வேறு எதற்காவது பதிவு பெற்றிருக்கலாம். எதற்கு என்று கேட்டேன், பதில் வரவில்லை.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை: என்ன படிப்பு, எத்தனை ஆண்டு? இப்போது மேற்பார்வையாளர் யாராவது இருக்கிறாரா? அமர்வின் நடுவில் எனக்குப் பதற்றம் வந்தால் என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே பாதி தெரிந்துவிடும். பின்னர் எனக்கு அமைந்த சிகிச்சையாளர், "உடனே நிறுத்துவேன், கண்ணைத் திறந்து பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்வேன், பிறகு பேசுவோம்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

4. செலவு

தனியாகப் போகும் அமர்வுக்கு நான் விசாரித்த மூன்று இடங்களில் 130, 150, 180 வெள்ளி சொன்னார்கள், ஒரு மணி நேரத்துக்கு. குழு அமர்வு ஒன்றரை மணி நேரம், 45 வெள்ளி. சொன்ன விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 150 வெள்ளி 9 விழுக்காடு சேர்ந்தால் 163.50 ஆகிவிடும், எட்டு வாரத்துக்கு 1,308. ஆண்டு வருமானம் பத்து லட்சத்தைத் தாண்டாத சிறு நிலையங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால் தனியாளாக நடத்துபவர்கள் பலர் அதை வாங்குவதில்லை.

அடுத்து எல்லோரும் கேட்பது மெடிசேவ், அதாவது சம்பளத்திலிருந்து சேரும் மருத்துவச் சேமிப்பு. தனியார் நடன சிகிச்சைக்கு மெடிசேவ் எடுக்க முடியாது, சாஸ் அட்டையும் செல்லாது. மனச்சோர்வு, மனக்கவலை போன்றவற்றுக்கு மருத்துவரிடம் நாட்பட்ட நோய்த் திட்டத்தில் சேர்ந்திருந்தால், மருத்துவர் கட்டணத்துக்கும் மாத்திரைக்கும் மெடிசேவ் எடுக்கலாம். நான் எடுத்தபோது ஆண்டு வரம்பு 500 வெள்ளி, சிக்கலான நிலைக்கு 700, அதோடு 15 விழுக்காடு கையிலிருந்து. அந்த வழியில் மிச்சமான ரொக்கத்தைத்தான் நான் நடன சிகிச்சைக்குத் திருப்பிவிட்டேன். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகை, கலை நிகழ்ச்சிகளுக்கான கல்ச்சர் பாஸ் எல்லாம் இதற்கு ஆகாது, நானும் ஆசைப்பட்டுப் பார்த்தேன்.

கம்பெனியில் விருப்பச் சலுகைத் தொகை (ஃபிளெக்ஸி பெனிஃபிட்) இருந்தால் அதன் விதிகளைப் படியுங்கள். "மனநல ஆலோசனை" என்ற வரி இருந்தால் ரசீதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே மனிதவளப் பிரிவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "நடனம்" என்ற சொல்லைப் பார்த்ததும் என் முதல் ரசீதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிகிச்சையாளரின் தகுதியும் பதிவு எண்ணும் போட்டு வாங்கிக் கொடுத்த பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

பத்து அமர்வுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மூன்று அமர்வு முடியும்வரை வேண்டாம். பணம் குறைவு என்றால் கூச்சப்படாமல் வருமானத்துக்கு ஏற்ற கட்டணம் உண்டா என்று கேளுங்கள், பலர் வாரத்தில் ஓரிரண்டு இடங்களை அப்படி வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் மனநலச் சங்கம் கலைவழி நிகழ்ச்சிகள் நடத்துகிறது. அதில் அசைவு சார்ந்தது எப்போது வருகிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

5. தாள்கள்

பெரிதாக எதுவும் தேவையில்லை. அடையாள அட்டை, மருத்துவர் கடிதம் இருந்தால் அதன் நகல், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், முட்டி, முதுகு, இதயம், கர்ப்பம் பற்றிய விவரம், அவசரத்துக்கு ஒருவரின் எண்.

கையெழுத்து போடும் ஒப்புதல் படிவத்தை மட்டும் முழுவதும் படியுங்கள். மூன்று இடத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும். ஒன்று ரகசியம்: உங்களுக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் வெளியே சொல்வார்கள், அது நியாயம்தான், வேறு எப்போது சொல்வார்கள் என்று பாருங்கள். அடுத்து காணொளி: சிலர் பதிவு செய்வார்கள், மறுக்கலாம். பிறகு தொடுதல்: தோளில் கை வைப்பது போன்றவை உங்களைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். பெண்கள் பெண் சிகிச்சையாளரையோ பெண்கள் மட்டும் உள்ள குழுவையோ கேட்பதில் தப்பே இல்லை.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதைச் சொல்ல வேண்டுமா என்று பயப்படுகிறவர்களுக்கு: மனநல விவரம் கேட்கும் பகுதியை 2020லேயே விண்ணப்பப் படிவங்களிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். காப்புறுதி வேறு விஷயம். புதிதாக எடுக்கும்போது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், மறைத்தால் பிறகு இழப்பீடு கேட்கும்போது மாட்டிக்கொள்வோம்.

6. நேரம்

அழைத்ததும் நாளைக்கே வா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமைக்கு எனக்கு ஆறு வாரம் காத்திருப்பு, செவ்வாய் மதியம் என்றால் அடுத்த வாரமே கிடைத்தது. நடன சிகிச்சையாளரால் எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சான்று தர முடியாது, அதை மருத்துவர்தான் தர வேண்டும். வந்து போனதற்கு ஒரு கடிதம் மட்டும் தருவார்கள். நான் அரைநாள் விடுப்பு எடுத்துப் போனேன். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுக் கட்டணம், சில இடங்களில் 48 மணி நேரம். அமர்வு முடிந்ததும் நேரே கூட்டத்துக்கு ஓடாதபடி ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். ஒருமுறை அப்படி ஓடி, மேலாளர் பட்ஜெட் பேசும்போது கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன்.

7. முதல் நாள்

தளர்வான கால்சட்டை, டி-சட்டை போதும். வெறுங்காலோடு இருக்கச் சொல்வார்கள், காலுறை வழுக்கும். ஏசிக்கு ஒரு மேல்சட்டை, தண்ணீர். தேக்காவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், சொந்த அனுபவம்.

முதல் அமர்வில் பாதிக்கு மேல் பேச்சுதான். பிறகு கொஞ்சம் நடப்பது, கைகால் உதறுவது, சிகிச்சையாளர் நம் அசைவைத் திருப்பிச் செய்துகாட்டுவது. வேறொருவர் நம்மைப் போலவே தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது வினோதமாக இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. கடைசிப் பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்க்கிற ஆளாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

8. தமிழ் தெரியாத சிகிச்சையாளரிடம்

தமிழ் பேசும் நடன சிகிச்சையாளர் எனக்குக் கிடைக்கவில்லை. என்னுடையவர் சீனப் பெண்மணி, ஆங்கிலத்தில்தான் பேச்சு. "சோகமா, கோபமா" என்று கேட்டால் எனக்கு ஆங்கிலத்தில் "ஓகே" என்பதைத் தாண்டி எதுவும் வராது. நான்காவது வாரம் அவர், "உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள், எனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை" என்றார். "மனசு கனக்குது" என்றேன். அர்த்தம் சொன்னதும், அந்தக் கனம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றார். நெஞ்சைத் தொடுவேன் என்று நானே நினைத்தேன். கை இடது தோளுக்குப் போனது. அந்தத் தோள் கடைசியாக எதைச் சுமந்தது என்று கேட்டார். அப்பாவின் காரியத்தில் நான் சுமந்து சுற்றிவந்த தண்ணீர்ப் பானை. அந்தச் சடங்கை அவருக்கு விளக்கப் பத்து நிமிடம் ஆனது, கணக்குப் பார்த்தால் 25 வெள்ளி. அதன்பின் அந்தச் சுற்றை அறைக்குள் மெதுவாக நடந்தோம், பானை இல்லாமல். அன்றைக்கு மூன்று மணிக்கு விழிப்பு வரவில்லை. அடுத்த நாள் வந்தது, அது வேறு விஷயம்.

நம் மொழியில் உடம்பை வைத்துச் சொல்கிற பேச்சு நிறைய. வயிறு எரியுது, கை ஓடலை கால் ஓடலை, நெஞ்சு அடைக்குது, தலை பாரமா இருக்கு. முதல் அமர்வுக்கு முன் நீங்கள் அடிக்கடி சொல்கிற இரண்டு மூன்றை எழுதி, சொல்லுக்குச் சொல் பொருளோடு எடுத்துப் போங்கள். பேச்சு ஆலோசனையில் மொழிபெயர்க்கத் தடுமாறுகிற இடங்கள் இங்கே வேலைக்கான சரக்காகிவிடும். பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், மொழிபெயர்க்க வீட்டுப் பிள்ளைகள் உட்காரலாமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மகன் பக்கத்தில் இருந்தால் அம்மா வாயும் திறக்க மாட்டார், கையும் அசைக்க மாட்டார். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவில் விசாரித்தால் தமிழில் ஆலோசனைக்கு வழி சொல்வார்கள், இரண்டையும் சேர்த்துச் செய்யலாம்.

9. ஆறாவது வாரம் ஒரு கணக்கு

தொடங்கும்போதே எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று குறித்து வையுங்கள். நான் மூன்று குறித்தேன்: இரவில் விழித்த நாள்கள், ரயிலில் நெஞ்சடைத்த நாள்கள், மனைவியிடம் கத்திய நாள்கள். கைத்தொலைபேசி நாள்காட்டியில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆறாவது வாரம் சிகிச்சையாளரோடு உட்கார்ந்து எண்ணினோம். விழிப்பு பாதியானது, நெஞ்சடைப்பு இரண்டே நாள், கத்தல் அப்படியே இருந்தது. அதனால் மீதி வாரங்களைக் கோபத்துக்கு ஒதுக்கினோம். ஒன்றுமே மாறாவிட்டாலோ, ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் மோசமானாலோ தொடர வேண்டாம், மருத்துவரிடம் திரும்பிப் போங்கள்.

நிறுத்தப் போகிறீர்கள் என்றால் இரண்டு அமர்வுக்கு முன்பே சொல்லுங்கள், முடிவுக்கென்று ஓர் அமர்வு வைப்பார்கள். அப்போது மருத்துவருக்கு ஒரு சுருக்க அறிக்கை கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை, அரைப்பக்கத்துக்கு 80 வெள்ளி கட்டினேன்.